மருத்துவச் செய்திகளைப் படிக்கக் கற்போம்



நான் மருத்துவன் அல்லன். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், கணக்கெடுப்புப் பிரிவில், முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். படிவங்களும் அட்டவணைகளும் சதவீதங்களும்தான் எனக்குச் சோறு போட்டவை. எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நானே ஒரு மருத்துவச் செய்தியைத் தவறாகப் படித்தேன். படித்ததோடு நில்லாமல் வீட்டில் உரக்க வாசித்தும் காட்டினேன். அதன் விளைவை அனுபவித்தவர் என் அக்காள் கணவர்.

நம் இதழுக்கு உடல்நலம் பற்றி ஏதேனும் எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, எனக்குத் தெரிந்த ஒரே பாடம் இதுதான் என்று தோன்றியது. என் தவற்றைச் சொல்லி, அதிலிருந்து நான் கற்றதையும் சொல்கிறேன். நம் குடும்பங்களில் யாருக்காவது பயன்பட்டால் மகிழ்ச்சி.

நடந்தது என்ன?

2019-ஆம் ஆண்டு, குடியரசு தினத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தில்லிக் குளிர். அக்கா வீட்டில் அனைவரும் கூடியிருந்தோம். அத்தானுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் இரவு ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். அது வயிற்றைக் கெடுக்கிறது, நெஞ்செரிச்சல் வருகிறது என்று அவருக்கு ஒரு குறை உண்டு.

சாப்பாட்டுக்குப் பின் நான் கைப்பேசியில் செய்தி பார்த்துக் கொண்டிருந்தேன். தினமும் ஆஸ்பிரின் எடுத்துக் கொள்வதால் கிடைக்கும் நன்மையும், இரத்தக் கசிவு என்னும் தீமையும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டி விடுகின்றன என்று ஒரு பெரிய ஆய்வு கண்டறிந்திருப்பதாக ஒரு செய்தி. பதின்மூன்று சோதனைகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் என்று அதில் கண்டிருந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையைக் கண்டதும் என் போன்றவனுக்கு ஒரு மரியாதை வந்துவிடும். தலைப்பையும் முதல் இரண்டு பத்திகளையும் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"பார்த்தியா மாப்பிள்ளே, நான் அப்பவே சொன்னேன், இந்த மாத்திரைதான் வயித்த அரிக்குதுன்னு" என்றார் அத்தான். அனைவரும் சிரித்தோம். பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

அன்று இரவிலிருந்தே அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. மூன்றாவது வாரம், காலை நடைக்குப் போனவர் பூங்கா வாசலிலேயே வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு சர்தார்ஜிதான் தம் காரில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். இதயக் குழாயில் இரத்தக் கட்டி. மறுபடியும் ஸ்டென்ட். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பலவீனம் அடைந்துவிட்டது. மூன்றாம் மாடி வீட்டை விட்டுத் தரைத்தளத்து வீட்டுக்குக் குடிமாறினார்கள். இன்றும் நூறடி நடந்தால் ஒரு முறை நின்று மூச்சு வாங்கித்தான் நடக்கிறார்.

மருத்துவர், "ஏதேனும் மாத்திரையை நிறுத்தினீர்களா?" என்று இந்தியில் கேட்டார். அத்தான் என்னைத்தான் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மனச்சுமை குறைந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்தியதுதான் அடைப்புக்குக் காரணம் என்று ஒரே ஒரு மனிதரை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது. மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்களுக்கும் அடைப்பு வருகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவரை அந்த ஆபத்துக்குள் தள்ளிய கை என்னுடையது என்பதையும் மறைக்க முடியாது.

தொலைந்து போன ஐந்து சொற்கள்

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அதே செய்தியை முழுவதும் படித்தேன். எட்டாவது பத்தியில் இருந்தது அந்த வரி: இந்த முடிவு "இதுவரை இதய நோயோ பக்கவாதமோ வராதவர்களுக்கு" உரியது. இந்த ஐந்து சொற்களை நான் படிக்கவில்லை. ஆகவே என் வாயிலிருந்து அவை வரவுமில்லை.

அந்த ஆய்வு தவறானதா? இல்லை. மிகச் சரியானது. நோய் வராதவர்களில் சுமார் 250 பேர் ஆண்டுக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் ஒருவருக்கு மாரடைப்பு போன்ற ஒரு பெரிய நிகழ்வு தவிர்க்கப்படுகிறது. 210 பேர் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகப் பெரிய இரத்தக் கசிவு ஏற்படுகிறது. ஆகவே ஆரோக்கியமானவர்கள் 'இருக்கட்டுமே' என்று சாப்பிடுவதில் பெரிய லாபம் இல்லை. இதுதான் அது சொன்னது.

நோய் வந்தவர்களின் கணக்கு வேறு. 2009-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. அது இரு வகை மக்களையும் தனித்தனியே கணக்கிட்டது. வகைக்குப் பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

நோய் வராதவர்கள்: மாத்திரை இல்லாமல் ஓர் ஆண்டில் 57 பேருக்குப் பெரிய நிகழ்வு. மாத்திரையோடு 51 பேருக்கு. தவிர்க்கப்பட்டது 6.

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள்: மாத்திரை இல்லாமல் ஓர் ஆண்டில் 820 பேருக்கு. மாத்திரையோடு 670 பேருக்கு. தவிர்க்கப்பட்டது 150.

மாத்திரை ஒன்றுதான். ஆனால் முதல் வகையில் 6, இரண்டாம் வகையில் 150. அத்தான் இரண்டாம் வகை. நான் அவருக்கு வாசித்துக் காட்டியது முதல் வகையின் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடியை எடுத்து அத்தானுக்கு மாட்டிவிட்டேன்.

தொகுப்பாய்வு என்றால் என்ன?

ஒரு மருந்தைப் பற்றி உலகின் பல பகுதிகளில் பலர் சோதனை செய்கிறார்கள். ஒன்று பயன் உண்டு என்கிறது, மற்றொன்று இல்லை என்கிறது. இவற்றையெல்லாம் தேடி எடுத்து, தரம் பார்த்து, முடிவுகளை ஒன்றாக எடையிட்டுச் சொல்வதே தொகுப்பாய்வு. முடிவுகளைக் கூட்டிக் கணக்கிடும் முறையை 'மெட்டா அனாலிசிஸ்' என்பார்கள்.

இது மிக உயர்ந்த வேலை. ஓர் உதாரணம். குறைமாதத்தில் பிரசவம் ஆகும் நிலையில் உள்ள தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்ச்சி அடைகிறது. இதற்கான முதல் பெரிய சோதனையின் முடிவு நியூசிலாந்திலிருந்து 1972-லேயே வெளிவந்தது. பின்னர் வேறு சில சோதனைகள் நடந்தன. தனித்தனியே பார்த்தபோது அவற்றில் பல தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. எண்பதுகளின் இறுதியில் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் பயன் ஐயமின்றித் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊசி கிடைக்காமல் எத்தனையோ பிஞ்சுகள் மடிந்தன. 1993-ல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட 'காக்ரேன்' என்னும் தொகுப்பாய்வு அமைப்பு, இந்தச் சோதனைகளைக் குறிக்கும் கோடுகளையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது. தெற்காசியாவில் காக்ரேன் பணிக்கு நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இடம் தந்தது என்பது நமக்குப் பெருமை.

ஆகவே தொகுப்பாய்வு பொய் என்று நான் சொல்லவரவில்லை. அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு. நான் கண்ட கோளாறுகள் நான்கு. முதலாவது, யாருக்குச் சொன்னதை யாருக்கோ பொருத்துவது. அதை மேலே பார்த்தோம். மற்ற மூன்றையும் பார்ப்போம்.

பூட்டிய வீடும் ஆளில்லாத வீடும்

கணக்கெடுப்புக்குப் போகும் பணியாளருக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுப்போம். கதவைத் தட்டினால் திறக்கவில்லை என்றால் 'பூட்டிய வீடு' என்று எழுத வேண்டும். 'ஆளில்லாத வீடு' என்று எழுதக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. பூட்டிய வீட்டுக்குள் ஒரு குடும்பமே இருக்கலாம், வேலைக்குப் போயிருக்கலாம். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. தெரியவில்லை என்பதை இல்லை என்று எழுதினால் ஊரின் மக்கள் தொகையே குறைந்துவிடும்.

மருத்துவச் செய்திகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. 2023 ஜனவரியில் முகக்கவசம் உள்ளிட்ட தடுப்பு முறைகள் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வின் புதிய பதிப்பு வெளிவந்தது. மொத்தம் 78 சோதனைகள். உடனே பல நாடுகளில் 'முகக்கவசத்தால் பயனில்லை என்று நிரூபணம்' என்ற பொருளில் செய்திகள் பரவின. நம் சங்கத்துக் கைப்பேசிக் குழுவிலும் வந்தது. "அப்பவே தெரியும், சும்மா மூச்சு முட்ட வெச்சாங்க" என்று ஓர் அன்பர் எழுதினார்.

தொகுப்பாய்வு உண்மையில் சொன்னது என்ன? முகக்கவசம் அணியுமாறு கூறப்படாத மக்களில் 100 பேருக்குச் சளி, காய்ச்சல் வந்தால், அணியுமாறு கூறப்பட்ட அதே அளவு மக்களில் 95 பேருக்கு வருகிறது. ஆனால் இந்த 95 உறுதியான எண் அல்ல. அது 84 ஆகவும் இருக்கலாம், 109 ஆகவும் இருக்கலாம். 84 என்றால் ஓரளவு நல்ல பயன், 109 என்றால் பயனே இல்லை. இரண்டுக்கும் இடையில் எங்கே என்று சொல்ல முடியவில்லை. இது பூட்டிய வீடு. ஆளில்லாத வீடு அல்ல.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சோதனைகள் பலவற்றில், அணியுமாறு கூறப்பட்டவர்களிலேயே பலர் அணியவில்லை. தொகுப்பில் இடம்பெற்ற ஒரு பெரிய சோதனை நம் அண்டை நாடான வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்தது. பாதிக் கிராமங்களில் முகக்கவசம் இலவசமாகக் கொடுத்து, அணியுங்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். சொல்லாத கிராமங்களில் 100-க்கு 13 பேர் அணிந்தார்கள். சொன்ன கிராமங்களில் 42 பேர். அப்படிப் பாதிக்கும் குறைவானவர்கள் அணிந்தபோதே, அறுவைச் சிகிச்சை முகக்கவசம் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு வந்து இரத்தச் சோதனையில் உறுதியான கொரோனா சுமார் 11 சதவீதம் குறைந்தது. ஆக இத்தகைய சோதனைகள் அளப்பது 'அணியச் சொன்னால் ஊரில் என்ன ஆகும்' என்பதை. 'நான் ஒழுங்காக அணிந்தால் எனக்கு என்ன ஆகும்' என்பது வேறு கேள்வி.

இதனால்தான் 2023 மார்ச் மாதம் காக்ரேன் நூலகத்தின் தலைமை ஆசிரியரே, முகக்கவசம் பயனற்றது என்று இந்தத் தொகுப்பாய்வு காட்டுவதாகச் சொல்வது தவறான, திசைதிருப்பும் விளக்கம் என்று அறிக்கை விட்டார். அதோடு, தங்கள் சுருக்கத்தின் வாசகமும் அத்தகைய விளக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தார். இந்த அறிக்கை நம் குழுவுக்கு வரவில்லை. தவறு வேகமாகப் பயணம் செய்யும். திருத்தத்துக்கு யாரும் டிக்கெட் எடுத்துத் தருவதில்லை.

இரு மடங்கு என்றால் எத்தனை பேர்?

1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றால் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து 'இரு மடங்கு' ஆகிறது என்று, சில ஆய்வுகளின் முடிவை வைத்து, மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் அதே பேச்சு. இரு மடங்கு என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

ஆனால் எதற்கு இரு மடங்கு? பழைய வகை மாத்திரை சாப்பிடும் 7,000 பெண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கு இந்தக் கட்டி ஏற்பட்டது. புதிய வகையில் 7,000 பேரில் இருவருக்கு. கூடியது 7,000-க்கு ஒருவர். இரு மடங்கு என்பதும் உண்மை, 7,000-க்கு ஒருவர் என்பதும் உண்மை. முதலாவது நடுங்க வைக்கிறது. இரண்டாவது சிந்திக்க வைக்கிறது.

பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். வேண்டாத கர்ப்பங்கள் கூடின. அடுத்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் மட்டும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் பெரிய சோகம், கர்ப்ப காலத்தில் இரத்தக் கட்டி ஏற்படும் ஆபத்து அந்த மாத்திரையால் ஏற்படுவதைவிட அதிகம். அதாவது எதற்குப் பயந்து ஓடினார்களோ, அதை நோக்கியே ஓடினார்கள்.

ஆகவே 'மடங்கு', 'சதவீதம்' என்று கண்டால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை பேரில் எத்தனை பேர்? அதைச் சொல்லாத செய்தி பாதிச் செய்தி.

தேறிய பிள்ளையின் மார்க்கு மட்டும்

வெளியூரில் இருக்கும் நாம் சொந்த ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பெரியவன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதை முதல் வரியில் எழுதுவோம். சின்னவன் இந்தியில் தவறியதை எழுத மாட்டோம். ஊரில் தாத்தா, பேரப்பிள்ளைகள் எல்லாம் மேதைகள் என்று நினைத்துக் கொள்வார். அவர் படித்த கடிதங்களில் பொய் இல்லை. வராத கடிதங்களில்தான் விஷயம் இருந்தது.

ஆய்வுகளிலும் இதே கதை. நல்ல முடிவு தந்த சிறிய சோதனை உடனே அச்சாகிறது. ஒன்றும் இல்லை என்று முடிந்த சிறிய சோதனை பெரும்பாலும் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. அச்சானவற்றை மட்டும் கூட்டினால் விடை இனிப்பாகத்தானே இருக்கும்?

மாரடைப்பு வந்தவர்களுக்கு மெக்னீசியத்தை நரம்பு வழியாக ஏற்றினால் நல்லது என்று ஒரு கருத்து இருந்தது. 1991-ல் ஏழு சிறிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 1,300 நோயாளிகள். சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகத் தோன்றியது. எளிய, மலிவான மருந்து என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் 58,050 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய மாபெரும் சோதனையின் முடிவு 1995-ல் வந்தது. மெக்னீசியம் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இறந்தவர்கள் 7.64 சதவீதம். பெறாதவர்களில் 7.24 சதவீதம். பயன் எதுவும் இல்லை.

கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் மாத்திரைக்கும் இதே போன்ற நிலை. உயிர் காக்கும் என்று காட்டிய தொடக்கத் தொகுப்புகள் சிலவற்றுக்குப் பெரிய தூணாக இருந்த எகிப்திய ஆய்வு ஒன்று, அதன் தரவுகளைப் பற்றிய கடுமையான சந்தேகங்களால் 2021 ஜூலையில் விலக்கிக் கொள்ளப்பட்டது. அந்தத் தூணை எடுத்ததும் கட்டடம் சாய்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டுச் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தும் அந்த மாத்திரை நீக்கப்பட்டது. அதற்குள் நம்மில் எத்தனை வீடுகளில் அதை வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தோம் என்பது அவரவர் அறிவோம்.

சொல் எங்கே உதிர்கிறது?

தவறு பத்திரிகைக்காரர்களுடையது மட்டும்தானா? இல்லை. 2010-ல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முக்கியமான கேள்விக்குத் தெளிவான பயன் காட்டாத 72 சோதனைகளின் கட்டுரைகளை எடுத்துப் படித்தார்கள். அவற்றில் 58 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில், சுருக்கத்தின் முடிவுரை உண்மையைவிட இனிப்பாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் ஆராய்ச்சியாளர்களே. மனிதர்கள்தாமே? உழைத்த உழைப்பு வீண் என்று எழுத யாருக்கு மனம் வரும்?

ஒரு முடிவு நம் வீட்டுக்கு வந்து சேரும் வழியை எண்ணிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை, அதன் சுருக்கம், பத்திரிகைகளுக்குத் தரும் அறிக்கை, ஆங்கிலச் செய்தி, தலைப்பு, கைப்பேசிச் செய்தி. அதன்பின் நாம். நம் குடும்பங்களில் இன்னும் ஒரு நிறுத்தம் உண்டு. ஆங்கிலத்தில் படித்ததை ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் தமிழில் சொல்கிறோம். 'இருக்கக்கூடும்' என்பது 'இருக்கிறது' ஆகி, 'இருக்கிறது' என்பது 'டாக்டர்களே சொல்லிட்டாங்க' ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சொல் இறங்கிப் போகிறது. கடைசி நிறுத்தத்தில் நிற்பவர் நம்மை நம்புகிறவர். அவர் மூலத்தைப் பார்க்க முடியாது. அதனால் நம் பொறுப்பு அதிகம். அன்று கடைசி நிறுத்தத்தில் அத்தான் நின்றார்.

வீட்டில் ஒட்டி வைக்க ஐந்து கேள்விகள்

ஒன்று: இந்த ஆய்வு யாரைப் பற்றியது? நோய் வந்தவர்களா, வராதவர்களா? என்ன வயது? நம் வீட்டுப் பெரியவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவரா?

இரண்டு: எத்தனை பேரில் எத்தனை பேர்? மாத்திரை இல்லாமல் எவ்வளவு, மாத்திரையோடு எவ்வளவு?

மூன்று: 'பயனில்லை' என்கிறதா, 'பயன் உண்டா என்று தெரியவில்லை' என்கிறதா?

நான்கு: சேர்த்த சோதனைகள் பெரியவையா, சிறியவையா? எத்தனை நம்பத் தகுந்தவை என்று அதைத் தொகுத்தவர்களே என்ன சொல்கிறார்கள்?

ஐந்து: இதைக் கேட்டு யாராவது மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ போகிறார்களா? ஆம் என்றால் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதற்கும் வழி உண்டு. அத்தானுக்கு இப்போது வயிற்றைக் காக்கும் மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் அவர் அந்த எரிச்சலை எங்களிடம் சொன்னாரே தவிர, மருத்துவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு இந்தியில் விளக்கிச் சொல்லக் கூச்சம். நாங்களும் கூடப் போய் எடுத்துச் சொல்லவில்லை.

காக்ரேன் தொகுப்பாய்வுகளுக்கு எளிய மொழிச் சுருக்கங்கள் உண்டு. அவற்றில் சில தமிழிலும் வெளிவந்துள்ளன. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள், தலைப்போடு நில்லாமல் அந்தச் சுருக்கத்தைத் தேடி வாசித்துத் தாத்தா பாட்டிக்குச் சொல்லலாம்.

ஒரு சிறு பயிற்சி

இது கற்பனைக் கணக்கு. 'இந்தக் கஷாயம் ஒரு நோயை 50 சதவீதம் குறைக்கிறது' என்று ஒரு விளம்பரம். அந்த நோய் பத்தாயிரம் பேரில் இருவருக்கு வருவது. கஷாயம் குடித்தால் எத்தனை பேர் தப்புகிறார்கள்? எத்தனை பேர் வீணாகக் குடிக்கிறார்கள்?

விடை: பத்தாயிரம் பேரில் தப்புபவர் ஒருவர். மீதி 9,999 பேருக்கு வேறுபாடு இல்லை. 50 சதவீதம் என்பது பொய்யல்ல. ஆனால் காசு கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட விரைவாகப் போட்டுவிடுவார்கள்.

சென்ற மாதம் அத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி குடித்துக் கொண்டிருந்தபோது, பூண்டு பற்றி ஏதோ ஒரு செய்தி வந்திருப்பதாகச் சொல்லித் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "மாப்பிள்ளே, இத முழுசா படிச்சுச் சொல்லு" என்றார். 'முழுசா' என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொன்னது போல எனக்குப் பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்துச் சொன்னேன். பாதி மணி நேரம் ஆயிற்று. பொறுமையாகக் கேட்டார்.